பெயர் ஒன்று, பரம்பரை வேறு: வாழை வாடலும் வெற்றிலை வாடலும் காட்டும் உயிர்களின் குடும்ப மரம்

ஸ்ரீரங்கத்தில் எந்த வீட்டு விசேஷத்துக்குப் போனாலும் தாம்பூலத் தட்டில் வாழைப்பழமும் வெற்றிலையும் பக்கத்தில் பக்கத்தில் இருக்கும். இரண்டும் காவிரிக் கரை தரும் பொருள்கள். திருச்சியைச் சுற்றி வாழைத் தோட்டங்கள், கொஞ்சம் மேற்கே குளித்தலை, லாலாபேட்டை பக்கம் வெற்றிலைக் கொடிக்கால்கள்.

இந்த இரண்டு பயிரையும் மிரட்டும் நோய்க்குப் பேச்சு வழக்கில் ஒரே பெயர்தான்: வாடல் நோய். ஏன் வருதுன்னு கேட்டால், இரண்டுக்கும் "பூஞ்சாணம்" என்றே பொதுவாகப் பதில் வரும்.

ஆனால் டி.என்.ஏ. சொல்லும் கதை வேறு. வாழையை வாடவைக்கும் ஃபியூசேரியம் உண்மையான பூஞ்சை. உயிர்களின் குடும்ப மரத்தில் அது மனிதர்களுக்குப் பக்கத்துக் கிளை. வெற்றிலைக் கொடியை அழுகவைக்கும் ஃபைட்டோப்தோரா பூஞ்சையே கிடையாது. ராமேஸ்வரம் கடலில் வளரும் பழுப்புக் கடற்பாசிக்குத்தான் அது சொந்தக்காரர்.

இதைத் தெரிந்து என்ன ஆகப்போகுது என்று தோன்றலாம். ஒன்றுக்கு வேலை செய்யும் மருந்து இன்னொன்றுக்கு வேலை செய்யாமல் போவதற்கு இந்தப் பரம்பரை வித்தியாசம் ஒரு முக்கியக் காரணம். வயலில் மட்டுமல்ல, மலேரியா, கரும்பூஞ்சை, "மூளையைத் தின்னும் அமீபா" என்று செய்திகளில் வரும் நோய்களிலும் இதே கதைதான்.

சரி, உயிர்களை விஞ்ஞானிகள் எப்படிப் பிரிக்கிறார்கள்? நாம் பள்ளியில் படித்த பிரிவுகள் என்ன ஆயின?

யூகேரியோட் என்றால் என்ன?

உலகில் உள்ள செல்களை முதலில் இரண்டாகப் பிரிக்கலாம். பாக்டீரியா போன்ற எளிய செல்கள் ஒரு பக்கம். அவற்றில் டி.என்.ஏ. தனி உறை இல்லாமல் செல்லுக்குள்ளேயே கிடக்கும். இன்னொரு பக்கம், டி.என்.ஏ.வை ஒரு உறைக்குள், அதாவது உட்கருவுக்குள் பத்திரமாக வைத்திருக்கும் சிக்கலான செல்கள். இந்த இரண்டாவது வகைக்குத்தான் யூகேரியோட் என்று பெயர்.

மனிதன், மாடு, மீன், வாழை, நெல், காளான், அமீபா, மலேரியாக் கிருமி எல்லாமே யூகேரியோட்டுகள். இட்லி மாவைப் புளிக்க வைப்பதில் பெரும் பங்கு வகிக்கும் லாக்டிக் அமில பாக்டீரியா இந்தக் கூட்டத்தில் சேராது. அதே மாவில் இருக்கும் ஈஸ்ட் சேரும்.

இந்தச் செல்களுக்கு ஆற்றல் தரும் மைட்டோகாண்ட்ரியாவுக்கும் ஒரு பழைய கதை உண்டு. 150 முதல் 200 கோடி ஆண்டுகளுக்கு முன் ஒரு செல்லுக்குள் நுழைந்த பாக்டீரியா அங்கேயே குடியேறிவிட்டது. அதுதான் இன்றைய மைட்டோகாண்ட்ரியா. அமெரிக்க விஞ்ஞானி லின் மார்குலிஸ் 1967-இல் இதை விரிவாக எழுதியபோது பலரும் ஏற்கவில்லை. இன்று இது பாடப்புத்தகத்தில் இருக்கிறது.

பள்ளியில் படித்த "ஐந்துலக வகைப்பாடு" என்ன ஆச்சு?

1735-இல் லின்னேயஸ் உயிர்களைத் தாவரம், விலங்கு என்று இரண்டாகப் பிரித்தார். நுண்ணோக்கியில் தெரிந்த சிறு உயிர்கள் இரண்டிலும் அடங்கவில்லை. அதனால் 1866-இல் எர்ன்ஸ்ட் ஹெக்கல் புரோட்டிஸ்டா என்று மூன்றாவது பிரிவைச் சேர்த்தார். 1969-இல் ராபர்ட் விட்டேக்கர் தந்ததுதான் நம்மில் பலர் மனப்பாடம் செய்த ஐந்துலகம்: மொனீரா, புரோட்டிஸ்டா, பூஞ்சைகள், தாவரங்கள், விலங்குகள்.

இதில் சிக்கல் எங்கே என்றால், பிரிவுகள் பெரும்பாலும் தோற்றத்தையும் உணவு முறையையும் வைத்துப் போடப்பட்டவை. பச்சையாக இருந்தால் தாவரம், நூல் நூலாக வளர்ந்து சத்தை உறிஞ்சினால் பூஞ்சை, எதிலும் சேராத ஒற்றைச் செல் உயிர் என்றால் புரோட்டிஸ்டா. அதாவது புரோட்டிஸ்டா ஒரு குடும்பமே அல்ல. இடம் கிடைக்காதவர்களை எல்லாம் உட்கார வைத்த ஒரு திண்ணை மாதிரி.

ஒரே மாதிரி வேலை செய்பவர்கள் ஒரே மாதிரி தெரிவது சகஜம். வௌவாலும் காக்காயும் பறக்கின்றன என்பதற்காக இரண்டும் பறவை ஆகிவிடாது. நுண்ணுயிர்களில் இந்தக் குழப்பம் இன்னும் அதிகம், ஏனென்றால் ஒப்பிட்டுப் பார்க்க எலும்பு, இறகு எதுவும் இல்லை.

அப்போ, இப்போது எப்படிப் பிரிக்கிறார்கள்?

பதில்: யாருக்கு யார் மூதாதை என்று பார்த்து. இதைப் புரிந்துகொள்ள ஓலைச்சுவடியை நினைத்துக்கொள்ளலாம்.

அந்தக் காலத்தில் ஒரு சுவடியைப் பார்த்து இன்னொருவர் படி எடுப்பார். எடுக்கும்போது ஒரு எழுத்து மாறும், ஒரு சொல் விடுபடும். அந்தப் பிழையான படியைப் பார்த்து அடுத்தவர் எழுதினால் பிழையும் சேர்ந்தே போகும். இரண்டு சுவடிகளில் ஒரே இடத்தில் ஒரே பிழைகள் வரிசையாக இருந்தால், இரண்டும் ஒரே மூலப் படியிலிருந்து வந்தவை என்று சொல்லிவிடலாம். உ.வே. சாமிநாதையர் போன்ற பதிப்பாசிரியர்கள் பல சுவடிகளை ஒப்பிட்டுப் பார்த்தே நூல்களை அச்சுக்குக் கொண்டுவந்தார்கள்.

டி.என்.ஏ.வும் தலைமுறை தலைமுறையாகப் படி எடுக்கப்படும் ஒரு சுவடிதான். அதில் சேரும் சிறு மாற்றங்களை ஒப்பிட்டால் யார் யாருக்கு நெருக்கம் என்று தெரியும். 1977-இல் கார்ல் ஊஸ், ஜார்ஜ் ஃபாக்ஸ் இருவரும் ரைபோசோம் ஆர்.என்.ஏ.வை ஒப்பிட்டு, பாக்டீரியா போலவே தெரிந்த ஒரு கூட்டம் முற்றிலும் வேறு பரம்பரை என்று காட்டினார்கள். அதுதான் ஆர்க்கியா. அதே முறை யூகேரியோட்டுகள் பக்கம் திரும்பியது. முதலில் ஒரு மரபணு, இப்போது நூற்றுக்கணக்கான மரபணுக்களைச் சேர்த்து ஒப்பிடுகிறார்கள்.

2005-இல் சர்வதேச புரோட்டிஸ்ட் ஆய்வாளர் சங்கத்தைச் சேர்ந்த விஞ்ஞானிகள் கூடி, யூகேரியோட்டுகளை ஆறு பெருங்குழுக்களாகப் பிரித்து வெளியிட்டனர். 2012-இலும் அடுத்து 2019-இலும் அது திருத்தப்பட்டது. பழைய ஆறில் சில உடைந்தன, சில சேர்ந்தன. இன்றைய நிலையில் முக்கியமான குழுக்களைப் பார்க்கலாம். உதாரணங்கள் எல்லாம் பெரும்பாலும் நம்ம ஊர்ப் பக்கம்தான்.

1. நாமும் காளானும் ஒரே கிளை

ஒபிஸ்தகோன்ட் என்பது இந்தக் குழுவின் பெயர். "பின்னால் சவுக்கு" என்று பொருள். மனித விந்தணு பின்பக்க வாலை ஆட்டி முன்னால் நீந்துகிறது அல்லவா? நீரில் வாழும் சில பூஞ்சைகளின் விதைச்செல்களும் அதே மாதிரி பின்னால் ஒற்றை வாலோடு நீந்துகின்றன.

விலங்குகளும் பூஞ்சைகளும் ஒன்றுக்கொன்று மிக நெருங்கிய உறவு என்று 1993-இல் மரபணு ஆய்வுகள் காட்டின. இரண்டும் பிரிந்து சுமார் 100 கோடி ஆண்டுகள் ஆகின்றன. காய்கறிக் கடையில் கீரைக்குப் பக்கத்தில் வைத்து விற்கப்படும் காளான், பரம்பரைப்படி கீரையைவிட கடைக்காரருக்கு நெருக்கம்!

வாழை வாடலுக்குக் காரணமான ஃபியூசேரியம் இந்தக் கிளையில்தான் இருக்கிறது. ரஸ்தாளி வாழைக்கு இது பெரிய எதிரி. மண்ணில் ஒருமுறை இறங்கிவிட்டால் பல ஆண்டுகள் அங்கேயே இருக்கும். இதன் வீரியமான டி.ஆர். 4 வகை பீகார், உத்தரப் பிரதேசத்தில் தென்பட்டிருக்கிறது. 1993-இல் திருச்சியில் தொடங்கப்பட்ட தேசிய வாழை ஆராய்ச்சி மையம் இந்த நோயைத் தொடர்ந்து ஆராய்ந்து வருகிறது.

பூஞ்சை மருந்துகள் சில நம் உடம்பையும் பாதிப்பதற்கு இந்த உறவு ஒரு காரணம். 2021-இல் கொரோனாவுக்குப் பின் பரவிய "கரும்பூஞ்சை" நினைவிருக்கும். அதற்குத் தரப்பட்ட ஆம்போடெரிசின்-பி, பூஞ்சை செல்லின் உறையில் இருக்கும் எர்கோஸ்டெரால் என்ற கொழுப்பைக் குறிவைக்கும். நம் செல்லில் அந்த இடத்தில் இருப்பது கொலஸ்ட்ரால். இரண்டும் கிட்டத்தட்ட ஒரே அமைப்பு. அதனால்தான் அந்த மருந்து கொடுக்கும்போது சிறுநீரகத்தை மருத்துவர்கள் கவனமாகப் பார்த்துக்கொண்டார்கள். எதிரி நெருங்கிய சொந்தம் என்றால், அவனை மட்டும் தனியாகக் குறிவைப்பது கஷ்டம்.

தென் மாவட்ட ஊருணிகளில் ஒரு மர்மக் கிருமி

இதே கிளையில் தமிழ்நாட்டுக்கும் இலங்கைக்கும் நன்கு தெரிந்த ஒரு கிருமி இருக்கிறது: ரைனோஸ்போரிடியம் சீபெரி. குளம், ஊருணி, கண்மாயில் குளிப்பவர்களுக்கு மூக்கில் சிவந்த சதை வளர்ச்சியை உண்டாக்கும். மதுரை, சிவகங்கை, ராமநாதபுரம் பக்கத்து காது மூக்கு தொண்டை மருத்துவர்களுக்கு இது பழகிய நோய்.

இது என்ன உயிர் என்பதில் நூறு ஆண்டுக் குழப்பம். முதலில் ஒற்றைச் செல் ஒட்டுண்ணி என்றார்கள். 1923-இல் ஆஷ்வொர்த் பூஞ்சை என்றார். ஆய்வகத்தில் வளர்க்க முடியாததால் யாராலும் உறுதி செய்ய முடியவில்லை. 1999-இல் வெளியான மரபணு ஆய்வு முடிச்சை அவிழ்த்தது. அந்த ஆய்வுக் குழுவில் இலங்கையின் பேராதனைப் பல்கலைக்கழகப் பேராசிரியர் அர்செகுலரத்னவும் இருந்தார்.

முடிவு: இது பூஞ்சை இல்லை. மீன்களைத் தாக்கும் சில நுண்ணுயிர்களின் சொந்தம். விலங்குகளும் பூஞ்சைகளும் பிரிந்த இடத்துக்குப் பக்கத்தில், விலங்குகள் பக்கமாக இருக்கும் ஒரு சிறு கிளை. பூஞ்சை மருந்துகள் இதில் பெரிதாகப் பலன் தராததற்கு இப்போது ஒரு விளக்கம் கிடைத்திருக்கிறது. அறுவை சிகிச்சை செய்து வேர்ப்பகுதியைச் சுட்டு எடுப்பதே முக்கியச் சிகிச்சை.

2. அமீபாக்கள்: பெயரைப் பார்த்து ஏமாற வேண்டாம்

ஒபிஸ்தகோன்ட்டுக்குப் பக்கத்தில் இருக்கும் குழு அமீபோசோவா. சீதபேதி உண்டாக்கும் என்டமீபா ஹிஸ்டாலிடிகா இதில் வரும். மழைக்காலத்தில் அழுகிய மரத்தில் மஞ்சளாகப் படரும் சளிப்பூஞ்சையும் இதில்தான் வரும். பெயரில் பூஞ்சை இருந்தாலும் அதுவும் பூஞ்சை இல்லை.

2024, 2025-இல் கேரளத்தில் உயிர்களைப் பறித்து தலைப்புச் செய்தியான "மூளையைத் தின்னும் அமீபா", அதாவது நெக்லேரியா ஃபௌலேரி, அமீபா என்று அழைக்கப்பட்டாலும் இந்தக் குழுவில் இல்லை. அது டிஸ்கோபா என்ற வேறு குழு. கால் நீட்டி ஊர்ந்து நகரும் அமீபா வடிவம் பல பரம்பரைகளில் தனித்தனியாகத் தோன்றியிருக்கிறது. நெக்லேரியா சில சமயம் அந்த வடிவத்தை விட்டுவிட்டு, இரண்டு வால் முளைத்து நீந்தவும் செய்யும்.

3. டிஸ்கோபா: சென்னைக்கும் தொடர்பு உண்டு

நெக்லேரியாவின் உறவினர்கள் யார்? பள்ளியில் படம் வரைந்த யூக்ளினா ஒன்று. கருங்காய்ச்சல் எனப்படும் காலா அசார் நோயின் கிருமி லீஷ்மேனியா இன்னொன்று.

1903-இல் மெட்ராஸில் பணியாற்றிய மருத்துவர் சார்லஸ் டோனவன், நோயாளியின் மண்ணீரலில் இந்தக் கிருமியைக் கண்டார். அதே ஆண்டு இங்கிலாந்தில் வில்லியம் லீஷ்மனும் இதைப் பற்றி எழுதினார். இருவர் பெயரையும் சேர்த்து லீஷ்மேனியா டோனவனி என்று பெயர் வைத்தவர், கொசுவில் மலேரியாக் கிருமியைக் கண்டுபிடித்த ரொனால்ட் ராஸ்.

4. பச்சைக் கூட்டம்: ஆர்க்கிப்ளாஸ்டிடா

நெல், வாழை, தென்னை, அருகம்புல், குளத்தின் பச்சைப் பாசி, கடலின் சிவப்புப் பாசி எல்லாம் இந்தக் குழு. கோடையில் பாலோடு காய்ச்சிச் சாப்பிடும் அகர் அகர் சிவப்புப் பாசியிலிருந்து வருவது.

இந்தக் குழுவின் முன்னோர் ஒருவர் சூரிய ஒளியில் உணவு தயாரிக்கத் தெரிந்த நீலப்பச்சை பாக்டீரியா ஒன்றை விழுங்கி, செரிக்காமல் உள்ளேயே வைத்துக்கொண்டார். இலையைப் பச்சையாக்கும் பசுங்கணிகம் அதன் வாரிசு. அந்த நீலப்பச்சை பாக்டீரியாவின் இன்றைய சொந்தங்களைச் சேகரித்து ஆராயும் தேசிய மையம் ஒன்று 1991 முதல் திருச்சியிலேயே, பாரதிதாசன் பல்கலைக்கழகத்தில் இயங்குகிறது.

திருச்சி புனித வளனார் கல்லூரியில் கே.எம். மேத்யூ 1967-இல் தொடங்கிய ராபினாட் ஹெர்பேரியம் தமிழகத் தாவரங்களின் பெரிய சேகரிப்பு. அங்கே பாடம் செய்து வைத்திருக்கும் பூக்கும் தாவரங்கள் அத்தனையும் இந்த ஒரே பெருங்குழுவின் ஒரு சிறு கொம்பில் அடங்கிவிடும். கண்ணுக்குத் தெரியும் உயிர்கள் மரத்தின் எவ்வளவு சிறிய பகுதி என்பதற்கு இது ஒரு நல்ல அளவுகோல்.

5. "சார்" குழு: வெற்றிலை வாடலும் மலேரியாவும் சந்திக்கும் இடம்

எஸ்.ஏ.ஆர். என்ற மூன்று எழுத்தில் மூன்று கூட்டங்கள்: ஸ்ட்ராமெனோபைல், ஆல்வியோலேட், ரைசேரியா. சுருக்கமாகச் "சார்". 2007-இல் வெளியான மரபணு ஆய்வுதான் இந்த மூன்றும் ஒரே வீட்டுப் பிள்ளைகள் என்று காட்டியது. வெளியே பார்த்தால் யாரும் நம்ப மாட்டார்கள்.

ஸ்ட்ராமெனோபைல்: மண்டபம், ராமேஸ்வரம் கடலில் வளரும் சர்காசம் என்ற பழுப்புப் பாசி இதில் ஒன்று. காவிரித் தண்ணீரில் கண்ணாடி ஓடு போட்டு மிதக்கும் டயாட்டம்கள் இன்னொன்று. தண்ணீரில் மூழ்கி ஒருவர் இறந்தாரா என்று பார்க்க தடயவியலில் "டயாட்டம் பரிசோதனை" செய்வதைக் குற்றச் செய்திகளில் கேட்டிருப்பீர்கள். அதே டயாட்டம்தான்.

வெற்றிலையின் எதிரி ஃபைட்டோப்தோராவும் இங்கேதான். பூஞ்சை மாதிரியே நூல் நூலாக வளரும், அதனால் ரொம்ப காலம் பூஞ்சை என்றே நினைத்தார்கள். ஆனால் அதன் செல்சுவரில் பூஞ்சைக்கு முக்கியமான கைட்டின் மிகக் குறைவு, செல்லுலோஸ் இருக்கிறது. அதன் விதைச்செல்களுக்கு இரண்டு வால் உண்டு, தண்ணீரில் நீந்தும். கொடிக்காலில் தண்ணீர் தேங்கினால் நோய் வேகமாகப் பரவுவதன் ரகசியம் இதுதான்.

இதே இனத்தைச் சேர்ந்த இன்னொரு கிருமிதான் 1845-இல் அயர்லாந்தின் உருளைக்கிழங்கை அழித்தது. அதைத் தொடர்ந்த பஞ்சத்தில் சுமார் 10 லட்சம் பேர் இறந்தனர். நீலகிரி உருளைக்கிழங்கு விவசாயிகளுக்கும் அந்தக் கருகல் நோய் நன்றாகவே தெரியும்.

ஆல்வியோலேட்: செருப்பு வடிவ பாரமீசியமும் மலேரியாக் கிருமி பிளாஸ்மோடியமும் இங்கே. மலேரியாக் கிருமிக்குள் ஒரு வினோதம் இருக்கிறது. அதன் முன்னோர் என்றோ ஒரு சிவப்புப் பாசியை விழுங்கியதன் மிச்சமாக, நிறம் போன ஒரு பசுங்கணிகம் இன்னும் உள்ளே இருக்கிறது. சூரிய ஒளியில் உணவு செய்யாது, ஆனால் அது இல்லாமல் கிருமி பிழைக்காது. பசுங்கணிகத்தின் பூர்வீகம் பாக்டீரியா. அதனால்தான் பாக்டீரியாவுக்கான டாக்ஸிசைக்ளின் மாத்திரை மலேரியாவிலும் வேலை செய்கிறது. 1990-களில் இந்த மிச்ச உறுப்பு அடையாளம் காணப்பட்ட பிறகுதான் காரணம் புரிந்தது.

ரைசேரியா: கடலில் சுண்ணாம்பு ஓடு கட்டி வாழும் ஃபோராமினிஃபெரா என்ற ஒற்றைச் செல் உயிர்கள் இதில் அடக்கம். இதைப் பார்க்கக் கடலுக்குப் போக வேண்டாம். பழைய திருச்சி மாவட்டத்திலிருந்து பிரிந்த பெரம்பலூர், அரியலூர் பகுதி சுமார் 10 கோடி ஆண்டுகளுக்கு முன் கடலாக இருந்தது. காரை, அரியலூர் பாறைகளில் இந்த ஓடுகள் இன்றும் கிடைக்கின்றன. எந்த அடுக்கு எந்தக் காலம் என்று சொல்ல புவியியலாளர்கள் இவற்றைத்தான் பார்க்கிறார்கள். அந்தப் பாறைத் தொகுதிகளில் ஒன்றுக்கு உலக அளவில் பெயரே "டிரிச்சினோபோலி குரூப்".

6. மற்ற கிளைகள்

மெட்டமோனாடா என்ற குழுவில் வயிற்றுப்போக்கு உண்டாக்கும் ஜியார்டியா இருக்கிறது. மரத்தை அரிக்கும் சில கரையான்களின் குடலில் வாழ்ந்து, மரத்தைச் செரிக்க உதவும் உயிர்களும் இங்கேதான். இந்தக் கூட்டத்தில் ஒரு உயிரிடம் மைட்டோகாண்ட்ரியாவே சுத்தமாக இல்லை என்று 2016-இல் தெரியவந்தது.

ஹாப்டிஸ்டா, கிரிப்டிஸ்டா என்று நீரில் மிதக்கும் நுண்ணுயிர்களின் குழுக்களும் உண்டு. கரும்பலகையில் எழுதிய இயற்கைச் சுண்ணாம்புக்கல்லில் ஹாப்டிஸ்டா வகையைச் சேர்ந்த உயிர்களின் ஓடுகள் நிறைய இருக்கும்.

புதுசு புதுசாகவும் கிளைகள் வருகின்றன. கனடாவில் ஒரு ஆராய்ச்சி மாணவி நடைப்பயணத்தின்போது எடுத்து வந்த மண்ணில் கிடைத்த உயிரின் மரபணுக்களைப் பார்த்தபோது, ஹெமிமாஸ்டிகோட் என்ற கூட்டம் எந்தக் குழுவிலும் சேராத தனிக் கிளை என்று 2018-இல் தெரிந்தது. 2022-இல் புரோவோரா என்ற வேட்டையாடும் நுண்ணுயிர்க் கூட்டம் சேர்ந்தது.

வயலுக்கும் ஆஸ்பத்திரிக்கும் இதனால் என்ன லாபம்?

மீண்டும் வாழைக்கும் வெற்றிலைக்கும் வருவோம்.

பூஞ்சாணக் கொல்லி என்று கடையில் கிடைக்கும் கார்பென்டாசிம், பூஞ்சை செல் இரண்டாகப் பிரியும்போது தேவைப்படும் ஒரு புரதத்தைப் பிடித்து நிறுத்தும். ஃபைட்டோப்தோராவின் புரதத்தில் அது ஒட்டாது. இன்னொரு வகை மருந்துகள் பூஞ்சை எர்கோஸ்டெரால் தயாரிப்பதைத் தடுக்கும். ஃபைட்டோப்தோரா அந்த மாதிரிக் கொழுப்பைத் தானாகத் தயாரிப்பதே இல்லை, வெளியிலிருந்து எடுத்துக்கொள்ளும். இல்லாத அடுப்பை அணைக்க முடியாது.

மாறாக, மெட்டலாக்சில் என்ற மருந்து ஃபைட்டோப்தோரா வகைகளைத் தாக்கும், உண்மையான பூஞ்சைகளை ஒன்றும் செய்யாது. மயில்துத்தமும் சுண்ணாம்பும் கலந்த போர்டோ கலவை இரு தரப்பையும் தாக்கும், ஏனென்றால் செம்பு பல இடங்களில் ஒரே நேரத்தில் செல்லைச் சிதைக்கும். 1880-களில் பிரான்ஸ் திராட்சைத் தோட்டங்களில் அது புகழ் பெற்றதும் ஃபைட்டோப்தோராவின் சொந்தக்காரக் கிருமி ஒன்றுக்கு எதிராகத்தான்.

எனவே "வாடல் வந்திருக்கு, பூஞ்சாண மருந்து குடுங்க" என்று கேட்டு வாங்கி அடித்தால், பணமும் போய், நோயும் நிற்காமல் போகலாம். வாடிய செடியை வேரோடு எடுத்துப் போய்க் காட்டி, எந்தக் கிருமி என்று உறுதி செய்துகொண்டு மருந்து வாங்குவதே சரி. திருச்சி மாவட்ட விவசாயிகள் சிறுகமணி வேளாண் அறிவியல் நிலையத்தையோ, நாவலூர் குட்டப்பட்டில் உள்ள அரசு வேளாண் கல்லூரியையோ அணுகலாம்.

உறவு தெரிந்தால் மருந்தும் தெரிந்துவிடுமா?

எப்போதும் இல்லை. மெட்ரோனிடசோல் மாத்திரையை எடுத்துக்கொள்வோம். அது சீதபேதி அமீபாவையும் கொல்லும், ஜியார்டியாவையும் கொல்லும். இரண்டும் வெகு தூரத்துக் கிளைகள். ஆக்சிஜன் இல்லாத இடத்தில் வாழும் செல்களில்தான் அந்த மருந்து செயல்படத் தொடங்கும், இரண்டும் குடலில் அப்படி வாழ்பவை. அதாவது பரம்பரை ஒரு துப்பு. வாழும் முறை இன்னொரு துப்பு. இரண்டையும் சேர்த்துப் பார்த்தால்தான் எங்கே தேடுவது என்று தெரியும்.

மரம் முடிவாகிவிட்டதா?

இல்லை. 2005-இல் இருந்த ஆறு குழுக்களில் "குரோம்ஆல்வியோலேட்டா" இன்று இல்லை. "எக்ஸ்கவேட்டா" என்ற குழுவும் டிஸ்கோபா, மெட்டமோனாடா என்று பிரித்தே பேசப்படுகிறது. மரத்தின் வேர், அதாவது எல்லா யூகேரியோட்டுகளும் முதன்முதலில் எங்கே பிரிந்தன என்பதில் இன்னும் விவாதம் நடக்கிறது.

ஒப்பீட்டிலும் தவறு வரும். வேகமாக மாறும் டி.என்.ஏ. உள்ள இரண்டு உயிர்கள், உறவே இல்லாமல் ஒன்று போலத் தெரியலாம். பட்டுப்புழுவுக்கு பெப்ரின் நோய் தரும் கிருமி இதற்கு உதாரணம். அதன் வகையை மிகப் பழமையான தனிக் கிளை என்று முதலில் நினைத்தார்கள். பிறகுதான் அது பூஞ்சைகளின் நெருங்கிய சொந்தம் என்று தெரிந்தது. பூஞ்சை போலத் தெரிந்த ஃபைட்டோப்தோரா பூஞ்சை இல்லை, பூஞ்சை போலவே தெரியாத இது பூஞ்சைப் பக்கம்!

அதனால்தான் இப்போது "உலகம்", "ராஜ்யம்" போன்ற பதவிப் பெயர்களைப் பல விஞ்ஞானிகள் தவிர்க்கிறார்கள். கிளை என்று மட்டும் சொல்கிறார்கள். புது ஆதாரம் வந்தால் கிளையை நகர்த்தி வைப்பது எளிது.

சுருக்கமாக

* உட்கரு உள்ள செல்களைக் கொண்ட எல்லா உயிர்களும் யூகேரியோட்டுகள். இப்போது அவற்றைத் தோற்றத்தை வைத்துப் பிரிப்பதில்லை, டி.என்.ஏ. காட்டும் பரம்பரையை வைத்துப் பிரிக்கிறார்கள்.
* தாவரம், விலங்கு, பூஞ்சை மூன்றும் பெரிய மரத்தின் சில கொம்புகள் மட்டுமே. மீதிக் கிளைகளில் பெரும்பாலானவை நுண்ணுயிர்கள்.
* பூஞ்சை, தாவரத்தைவிட விலங்குக்கு நெருக்கம். வாழை வாடல் கிருமி பூஞ்சை. வெற்றிலை வாடல் கிருமி பழுப்புப் பாசியின் சொந்தம்.
* "மூளையைத் தின்னும் அமீபா" சீதபேதி அமீபாவுக்கு நெருங்கிய உறவு இல்லை. பெயர் ஒன்றாக இருப்பதால் உறவு வந்துவிடாது.
* மருந்து அடிக்கும் முன், நோயின் பெயரைக் கேட்பதோடு நிற்காமல் கிருமி எது என்றும் கேட்க வேண்டும்.